மாடசாமியின் தளைக்கயிறு

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து முருகேசன் போன் செய்தான். ஏசி, லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டுவிட்டு, போட்டோவுக்காக என் இழைப்புளியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவன். நல்ல மனுஷன்தான்.

"அண்ணாச்சி, ஒங்க தச்சு ஷெட்ட இடிக்கப் போறாவ. ஸ்கேன் எடுக்க வாறவங்க கார் நிறுத்த எடம் வேணுமாம். ஒங்க சாமான் ஏதும் இருந்தா எடுத்துக்கிடுங்க."

"என்ன கெடக்கு அங்கன?"

"துருப்பிடிச்ச உளி, ஒரு கொட்டாப்புளி. பொறவு இழுப்பறைல வெள்ளை நூலு ஒரு பந்து. அழுக்கேறி, நெளிநெளியா சுருண்டு கெடக்கு. தூரப் போட்டுரட்டா?"

"அதுல கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

முருகேசன் பாவம், பயந்துபோனான். "ஒரு நூலுக்கா அண்ணாச்சி இம்புட்டுக் கோவம்?" என்று கேட்டான். கோபம் எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் இருப்பதுதான். ஆனால் அன்று வந்தது கோபமில்லை. அது என்னவென்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தென்காசியில் அந்த ஆஸ்பத்திரியில் நான் தச்சனாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் தச்சனுக்கு என்ன வேலை என்று பெண் பார்க்கப் போன இடத்திலேயே கேட்டார்கள். கதவு இறங்கிப்போகும், ஸ்டூல் கால் ஆடும், அதைச் சரிசெய்வது கொஞ்ச வேலை. மீதியெல்லாம் எலும்பு முறிவு வார்டுக்குத்தான். முதுகு சாய்த்துக்கொள்ளப் பலகை, நடை பழகச் சட்டம், காலைத் தூக்கி வைக்கப் பெட்டி. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஒத்துவராது. முதலில் ஆளை அளக்க வேண்டும், பிறகுதான் மரத்தை.

என் ஷெட் வார்டை ஒட்டி இருந்தது. நான் ஒரு ஆணி அடித்தால் உள்ளே படுத்திருப்பவருக்கு மண்டையில் இடிக்கும். ஆகவே மின்சார ரம்பம், துளை போடும் மெஷின் எதுவும் கூடாது என்பது ஹெட் சிஸ்டர் போட்ட சட்டம். எல்லாம் கைக்கருவிதான். மத்தியானம் நோயாளிகள் கண்ணயரும் நேரத்தில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக்கூடத் தொடக்கூடாது. உப்புத்தாள் தேய்க்கலாம், முடிச்சுப் போடலாம், அவ்வளவுதான்.

ஹெட் சிஸ்டரின் பெயர் மரியபாக்கியம். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் ஏதாவது செய்து முடித்தால் ஷெட்டுக்கு வருவார். பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, உருட்டி, மரத்தின் மேல் முழுக்க ஓட்டுவார். மூலை, அடிப்பக்கம், காலின் உட்புறம் எதையும் விடமாட்டார். எங்காவது ஒரு இழை பஞ்சு சிக்கிக்கொண்டால் அந்தப் பஞ்சை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தேய்ப்பேன். கட்டிலாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே ஏறிப் படுப்பார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் கிடப்பார். பிறகு எழுந்து, "இடுப்புக்குக் கீழ ஏதோ உறுத்துது செல்லப்பா" என்பார். சரியாக அந்த இடத்தில்தான் நாடாவின் முடிச்சு இருக்கும்.

நான் வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுரண்டையில் ஒரு மரக்கடையில் கதவும் ஜன்னலும் செய்து வேண்டிய மட்டும் திட்டு வாங்கினேன், பிறகு இங்கே வந்துவிட்டேன். முடிச்சு மட்டும் ஒரு நோயாளியிடம் படித்தது. தூத்துக்குடிப் பக்கம் தோணியில் வேலை பார்த்தவர், தொடை எலும்பு முறிந்து வந்து மாதக்கணக்கில் கிடந்தார். சும்மா கிடக்கப் பிடிக்காமல், கட்டில் கம்பியெல்லாம் நூலால் முடிச்சுப் போட்டு அலங்காரம் செய்துவிட்டார். கம்பைச் சுற்றி அரைமுடிச்சாகப் போட்டுக்கொண்டே போனால் முடிச்சுகள் புரிபோல வளைந்து ஏறும். முடிகிற இடத்தில், நுனி வெளியே தெரியாமல் ஒரு பின்னல் போட வேண்டும். அதற்கு அவர் 'தலைப்பா' என்று பெயர் சொன்னார். நிஜமாகவே தலைப்பாகை கட்டியதுபோல இருக்கும். பார்க்க அழகு என்பதற்காக நான் அதைப் பழகவில்லை. பலமில்லாத கை வழுவழுப்பான கம்பில் வழுக்கும், முடிச்சில் நிற்கும். அதன்பின் நான் செய்த நடைச்சட்டம் எல்லாவற்றிலும் கைபடும் இடத்தில் இந்த முடிச்சுதான். குழந்தைகள் வார்டில் மட்டும் கொஞ்சம் ஆடம்பரமாகவே போட்டேன். அதை ஹெட் சிஸ்டர் கண்டுகொள்ளவில்லை.

மாடசாமி வந்தது சாரல் காலத்தில். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம், எங்கள் வார்டுக்கு வேலை. பாறையில் வழுக்கி விழுந்தவர்கள், பைக்கில் சறுக்கியவர்கள் என்று கட்டில் நிறைந்துவிடும். மாடசாமி குளிக்க வந்தவன் இல்லை. வடகரைக்காரன், தென்னை ஏறுகிறவன். நனைந்த மரத்தில் ஏறக்கூடாது என்று அவனுக்குத் தெரியாததல்ல. காய்க்கு லாரி வந்து நின்றது, ஏறிவிட்டான். பாசி வழுக்கியது. முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவனைத் தூக்கி வரும்போது பாதத்தில் தளைக்கயிறு மாட்டியபடியே இருந்ததாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேங்காய் நாரில் திரித்த வளையம் அது. இரண்டு பாதத்தையும் அதற்குள் நுழைத்துக்கொண்டால் மரத்தைக் கவ்வி ஏறலாம். ஹெட் சிஸ்டர் அதைக் கழற்றி, அவன் சட்டை, பெல்ட்டோடு சேர்த்துப் பையில் போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். நோயாளியின் பொருளில் எதையும் எறிய நமக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி.

மாடசாமி பேசுவதில்லை. கூரையைப் பார்த்தபடி கிடப்பான். நல்ல தோள், நல்ல கை; அந்தக் கையைக்கூட அசைக்கமாட்டான். அவன் மனைவி பேச்சியம்மா தினமும் வடகரையிலிருந்து பஸ் ஏறி வருவாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள். கூரை வேயத் தென்னை ஓலையில் கிடுகு முடைவதுதான் அவளுக்கு வேலை. முடையாத நாளில் அடுப்பு எரியாது. அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக்குப் போகாது. பாயில் போட்டால் புண் வந்துவிடும். உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் புண்தான் எமன். அவனாகவே கையை ஊன்றி, எதையாவது பிடித்து, அடிக்கடி உடம்பைத் தூக்கிப் புரள வேண்டும். அதற்கு அவனுக்கு மனசு வர வேண்டும்.

"இவனுக்கு ஒரு கட்டில் செய்யணும் செல்லப்பா" என்றார் ஹெட் சிஸ்டர். "ஒரு முடிச்சும் உடம்புல படக்கூடாது. பிடிச்சு எந்திரிக்க மேல ஒரு வளையம் தொங்கணும். அத அவன் பிடிக்கணும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார்.

நான் மாடசாமி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அளந்தேன். தோள் அகலம், கை எட்டும் உயரம். அவன் கட்டையாகக் கிடந்தான். தொங்கவிடுவதற்காகப் புதிதாக வாங்கிய பருத்திக் கயிற்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். விரலை மூடாமல் அப்படியே நழுவவிட்டான்.

"புடிக்கலையால?" என்றேன் எரிச்சலோடு.

அப்போதுதான் அவன் குரலை முதன்முதலாகக் கேட்டேன். "என் தளை எங்கன அண்ணாச்சி?"

"பையில இருக்கு. எதுக்கு?"

"அதக் கட்டுங்க."

"அது கால்ல மாட்டுறதுல்லா?"

"என் காலு ரெண்டும் போச்சு. அதுவும் என் காலுதான. அத மட்டும் எதுக்கு அண்ணாச்சி தூரப் போடணும்?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். கட்டுகிறேன் என்று சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் வடகரைக்குப் போனேன், வீட்டு வாசலை அளக்க. தோப்புக்கு நடுவே ஒற்றை அறை ஓட்டு வீடு. வாசல் குறுகல், ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். பேச்சியம்மா கிடுகு முடைந்துகொண்டே எனக்குப் பதில் சொன்னாள். கண் என்மேல், கை ஓலையில். தளைக்கயிற்றைப் பற்றிச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

"அது இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது அண்ணாச்சி."

விழுந்தவன் தளையை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்களாம். விழுந்த மரத்தின் தூரிலேயே போட்டுவிடுவார்கள், இல்லை ஆற்றில் விட்டுவிடுவார்கள். இதெல்லாம் ஒரு பேச்சா என்று நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"எங்க அப்பாவும் மரத்துலேருந்து விழுந்தவுகதான். அவுக தளைய எங்க அண்ணன் எடுத்து வச்சிக்கிட்டான். அப்பா நெனப்பா இருக்கட்டும்னான். அடுத்த வருசம் அவனையும் தூக்கிட்டு வந்தாவ." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஆம்பளப் புள்ள இருக்கு. அது உள்ள வந்தா இவுக வரவேண்டாம். ஆஸ்பத்திரியிலயே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவனை அவள் விட்டுவிடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய்யும் சொல்லவில்லை. அவன் அந்தக் கயிறு இல்லாமல் கையைத் தூக்கமாட்டான். அவள் அந்தக் கயிற்றோடு வாசலைத் திறக்கமாட்டாள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஹெட் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து, பையிலிருந்து தளைக்கயிற்றை எடுத்து, என் வேலைமேஜைமேல் வைத்தார்.

"அவன் பொருள் அவன்கிட்ட சேரணும். அந்தப் பொண்ணு மனசும் நோகக் கூடாது."

"அது எப்படி சிஸ்டர் ரெண்டும் நடக்கும்?"

"ஒமக்குத்தான் முடிச்சு தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் கட்டிலைச் செய்தேன். ஆஸ்பத்திரியில் இடித்த பழைய ஜன்னலின் தேக்கு இருந்தது. சட்டத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, காலில் போட்ட துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் ஆப்பு வைத்தேன். ஆப்பைத் தட்டினால் இறுகும், உருவினால் கட்டில் துண்டு துண்டாகக் கழன்று அந்தக் குறுகல் வாசலில் நுழையும். ஆணியே கிடையாது. மேலே அகல நாடா. கயிறு என்றால் தோலை அறுக்கும், அது அவனுக்குத் தெரியவும் செய்யாது. முடிச்சு எல்லாவற்றையும் சட்டத்தின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். தலைமாட்டில் ஒரு கம்பம், அதிலிருந்து அவன் நெஞ்சுக்கு நேராக நீளும் ஒரு கை.

பிறகு தளைக்கயிறு. அதைக் கம்பத்தில் மாட்டி நானே தொங்கிப் பார்த்தேன். என் கனத்துக்கு முனகக்கூட இல்லை. அதன்மேல் வெள்ளைப் பருத்தி நூலால் அரைமுடிச்சுகளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு முடிச்சை இழுத்து இறுக்கி, பக்கத்து முடிச்சோடு நகத்தால் நெருக்கிவிட்டு அடுத்தது. நார் ஒரு இழைகூட வெளியே தெரியக்கூடாது. மத்தியான நேரத்துக்கு ஏற்ற வேலை, சத்தமே இல்லை. பாதி முடிந்ததும் மாடசாமியிடம் கொண்டுபோனேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் வளையத்தைச் சுற்றிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் நின்றான். "வலது காலு அழுத்துற எடம் இதுதான். தேஞ்சு தட்டையா இருக்கும். இங்கன மட்டும் நூல மெலிசாப் போடுங்க அண்ணாச்சி. எனக்குத் தட்டுப்படணும்."

அந்த இடத்தை அவிழ்த்து, மெல்லிய நூலால் மறுபடி போட்டேன். இரண்டு பக்கமும் ஒரு தலைப்பா கட்டி நுனியை மறைத்தேன். ஹெட் சிஸ்டர் வந்து கட்டில் முழுக்கப் பஞ்சு ஓட்டினார், எங்கும் சிக்கவில்லை. ஏறிப் படுத்தார். கையை உயர்த்தி வளையத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

வடகரையில் கட்டிலை மாட்டி, மாடசாமியைத் தூக்கிக் கிடத்தினோம். பேச்சியம்மா வளையத்தைப் பார்த்தாள். "இது என்னது அண்ணாச்சி?"

"கைப்பிடிம்மா."

பொய் இல்லை. ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது. அவள் கிட்டே போய், ஒரு கையால் தாங்கி, மறுகையால் வளையம் முழுக்கத் தடவினாள். மாடசாமி மூச்சுவிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா முடைஞ்சிருக்கிய" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகினாள். அவன் கையைத் தூக்கினான், பிடித்தான், ஒரே இழுப்பில் எழுந்து உட்கார்ந்தான். பிள்ளைகள் கைதட்டின.

மாதம் ஒருமுறை ஹெட் சிஸ்டரும் நானும் போவோம். அவர் அவன் முதுகைப் பார்ப்பார், நான் தொய்ந்த நாடாவை இழுத்துக் கட்டுவேன். இரண்டாவது தடவை போனபோதே நாடா விறைப்பாக இருந்தது. பேச்சியம்மா கட்டியிருந்தாள். மாடசாமி உட்கார்ந்து கிடுகு முடைந்துகொண்டிருந்தான். "இவுக முடையறது கோணலு, தனியா அடுக்கி வச்சிருக்கேன்" என்று அவள் கேலி செய்தாள். "ஏட்டி, மரத்து மேல நீ வந்து பாரு, யாரு கோணல்னு தெரியும்" என்றான். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. என் வேலைக்காலத்தில் நான் நிம்மதியாகத் திரும்பிய நாட்கள் என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

ஆனால் உடம்பு வேறு வழியில் போனது. சிறுநீரில் கிருமி, காய்ச்சல், பிறகு சிறுநீரகம். புண் வராமல் பார்த்துக்கொண்டோம், இதைத் தடுக்க முடியவில்லை. மறு சாரலுக்கு அவன் மறுபடி எங்கள் வார்டுக்கு வந்தான். கடைசி நாட்களில் கை படுக்கைக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருந்ததாக நைட் சிஸ்டர் சொன்னார். வார்டுக் கட்டிலுக்கும் ஒரு கம்பம் செய்து, வீட்டிலிருக்கும் வளையத்தைக் கொண்டுவந்து தொங்கவிடலாம் என்று நான் மரத்தை எடுத்தேன். இழைத்து முடிப்பதற்குள் அவன் போய்விட்டான். அந்த மரத்தில் நான் வேறு எதுவும் செய்யவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு லோடு ஆட்டோ ஷெட் வாசலில் வந்து நின்றது. பேச்சியம்மா இறங்கினாள். கட்டிலை ஆப்பு உருவிக் கழற்றி, துண்டுகளை ஓலைநாரால் கட்டி, கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"வேற யாருக்காச்சும் ஆகும்லா அண்ணாச்சி."

நான் எண்ணிப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கால், சட்டம், நாடா, கம்பம் எல்லாம் இருந்தது. வளையம் மட்டும் இல்லை. கேட்பதா வேண்டாமா என்று நான் விழித்தேன். அவள் மடியிலிருந்து ஒரு நூல்பந்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். வெள்ளை நூல், நெளிநெளியாக, ஒவ்வொரு நெளிவிலும் ஒரு முடிச்சு இருந்த தடம்.

அதைக் கையில் எடுத்தேன். "எப்பம்மா தெரியும் ஒனக்கு?"

"வந்த அன்னைக்கே தெரியும். தொட்டுப் பாத்தேன்லா? கல்யாணமான நாள்லேருந்து வெடியக்காலைல நான் எடுத்துக் குடுத்த தளை. தேஞ்ச எடம் எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"அவுக மொகத்தப் பாத்தேன். கேட்ட வாய மூடிக்கிட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தெனமும் வெளக்கு வைக்கும்போது, எம்புள்ள மேல கண்ணு வைக்காதன்னு அதுகிட்டதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இத்தனை நாள் அந்தப் பயத்தோடுதான் அவள் அந்த அறையில் படுத்து எழுந்திருக்கிறாள். நானும் மாடசாமியும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணைக் காட்டிச் சிரித்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"அழாதீய அண்ணாச்சி. மேல சுத்துன நூலு ஒங்களோடது, அதக் கொண்டாந்துட்டேன். உள்ள இருந்த தளை அவுகளோடது. அத அவுக கால்ல மாட்டி அனுப்பிட்டேன்."

அவள் போனபிறகு நூலைப் பிரித்துப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கிப் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலாலேயே அவிழ்த்திருந்தாள். ஓரிடத்திலும் அறுக்கவில்லை.